மாலை ஆறு மணியைக் காப்பாற்றுங்கள்: சென்னையில் நாடக நடிகையாக வாழத் தொடங்குபவர்களுக்கு

வெளியூரிலிருந்து மேடை நாடகம் நடிக்க வேண்டும் என்று சென்னைக்கு வருகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் குழுவில் சேரலாம் அக்கா என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை உன்னால் எங்கே இருக்க முடியும்? இந்த ஊரில் நவீன நாடகக் குழுக்களில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது, அதனால் ஒத்திகை மாலையில்தான் நடக்கும், நாடகங்களும் பெரும்பாலும் ஆறரை, ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அந்த மூன்றரை மணி நேரம் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் நடிகை. இல்லாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் வாய்ப்பு வந்து வாசலிலேயே நின்றுவிடும். அறை, வேலை, பேருந்து எல்லாவற்றையும் இந்த நேரத்தைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும். எப்படி அமைப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் அறை

மகளிர் விடுதிகள் பலவும் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிடும். நாடகம் முடிவதே ஒன்பதேகாலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன்பின் ஒப்பனை கலைத்து, உடை மாற்றி, செட் சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பத்து தாண்டிவிடும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வார்டனிடம் இதைப் பேசிவிட வேண்டும். நாடகம் என்றதும் சிலருக்கு முகம் மாறும்தான். அதற்காக ஆபீசில் ஷிஃப்ட் என்று பொய் சொல்லிச் சேராதீர்கள், முதல் போஸ்டர் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதே தெரிந்துவிடும், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நேராகவே சொல்லுங்கள்: "அக்கா, நான் நாடகத்துல நடிக்கிறேன். ஷோ இருக்கிற நாள்ல பத்தரைக்குள்ள வந்துடுவேன். எந்தெந்த நாள்னு மாசத் தொடக்கத்துலயே எழுதிக் கொடுத்துடறேன். இது எங்க டைரக்டர் நம்பர், இது கூட நடிக்கிறவங்க நம்பர்." தேதிகளை எழுதிக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. திடீரென்று லேட்டாக வருகிற பெண்ணைப் பற்றித்தான் வார்டன்கள் கவலைப்படுகிறார்கள், முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுப்பவளுக்குக் கதவு திறக்க ஆள் இருக்கும். முதல் ஷோவுக்கு அவரையும் அழைத்துவிடுங்கள். வந்து பார்த்த வார்டன் அதற்குப் பிறகு கேள்வி கேட்பது குறைந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கின்றன, வேலைக்குப் போகிற பெண்களுக்கானவை. இடம் இருக்கிறதா, இரவு நேர விதி என்ன என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்க முடிந்தால் அதுதான் உத்தமம். அரங்குகள் நுங்கம்பாக்கம், எழும்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர் என்று நகரத்தின் நடுவில் இருக்கின்றன, வாடகை அங்கே கட்டுப்படியாகாது. வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் தேடினால் நடிக்கிற பெண்ணுக்கு வீடு கொடுத்துப் பழகிய ஜனங்கள் இருப்பார்கள், வடபழனியிலிருந்து எழும்பூருக்கு ஒரே மெட்ரோவில் போய்விடலாம்.

போக்குவரத்துச் செலவைப் பற்றி ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் ஒத்திகைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது மாசக் கடைசியில் தெரியும். டீலக்ஸ், ஏசி பேருந்துகளுக்கு இது பொருந்தாது, அதனால் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பி சாதாரண வண்டிக்குக் காத்திருங்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குமேல் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். கடைசி மெட்ரோ பதினொரு மணியை ஒட்டித்தான், அதைத் தவறவிட்டால் ஆட்டோதான். ஒத்திகை பத்தைத் தாண்டினால் பெண்களை வீட்டில் விட ஏற்பாடு செய்வது குழுவின் பொறுப்பு. இதைச் சேரும் நாளிலேயே கேளுங்கள், கூச்சப்பட எதுவுமில்லை.

பகல் வேலை

நாடகத்தை மட்டும் நம்பி இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாது, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பல குழுக்களில் ஒரு ஷோவுக்குக் கிடைப்பது போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும், சில குழுக்களில் அதுவும் இல்லை. ஆகவே வேலை வேண்டும், மாலை ஐந்துக்குள் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் நாடக வகுப்பு, கதை சொல்லல் எடுப்பது நல்ல வழி, குழந்தைகள் முன்னால் நிற்பது குரலுக்கும் உடம்புக்கும் தினசரிப் பயிற்சி மாதிரி ஆகிவிடும். டப்பிங், ஒலிநூல் வாசிப்பு, காலை நேர டியூஷன், அலுவலகத்தில் பகல் ஷிஃப்ட் எல்லாம் சரிப்படும். வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிற வேலை வேண்டாம், ஒத்திகையைச் சாகடித்துவிடும்.

சீரியலில் பணம் உண்டு, அதைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம். ஆனால் படப்பிடிப்பு பகல் முழுக்க இழுக்கும், தேதி கடைசி நேரத்தில் மாறும். நாடகத் தேதி முடிவானதும் அந்தத் தேதிகளை மேனேஜருக்கு எழுத்தில் அனுப்பி, பார்த்துவிட்டேன் என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷோவுக்கு இரண்டு நாள் முன்னால் வர முடியாது என்று சொல்கிற நடிகையை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவள் எவ்வளவு நன்றாக நடித்தாலும்.

ஒத்திகை இல்லாத மாலைகளில் நாடகம் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் இதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள், எனக்கு மனசு ஆறாத விஷயமும் இதுதான். நடிக்க ஆசை இருக்கிறது, நாடகம் பார்க்கிற பழக்கம் இல்லை! சினிமாவைப் பார்த்து மேடை நடிப்பைக் கற்றுக்கொள்ள முடியாது. கேமரா உங்கள் பக்கத்தில் வந்து உங்கள் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும், மேடையில் கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு உங்கள் கண் தெரியாது, முதுகு தெரியும், தோள் தெரியும், நீங்கள் மூச்சு விடுகிற இடம் தெரியும்.

பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் ஜெர்மன் கலாச்சார மையமான மாக்ஸ் முல்லர் பவன், இந்த இரண்டு இடத்திலும் அனுமதி இலவசமாக நிறைய நிகழ்ச்சிகள் நடக்கும். சபாக்கள் வேறு உலகம். தியாகராய நகர் வாணி மகால், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா மாதிரி இடங்களில் நடக்கிற குடும்ப, நகைச்சுவை நாடகங்களை நவீன நாடகக்காரர்கள் சிலர் மதிப்பதில்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள், போய்ப் பாருங்கள். கூட்டம் சிரிக்கும்போது அடுத்த வசனத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்பதை அங்கே பழுத்த நடிகர்கள் செய்து காட்டுவார்கள், அதை எந்தப் பயிற்சிப் பட்டறையும் சொல்லித் தராது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துகிற கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும், வெயில் காலத்தில் ஒத்திகை குறைவாக இருந்தால் அந்த நாள்களை அதற்கே எழுதி வையுங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஏதாவது நடந்தால் இடத்துக்காகவாவது போக வேண்டும். 1896இல் கட்டியது, பார்வையாளர்கள் அரைவட்டமாக மேடையைச் சூழ்ந்து உட்காருவார்கள், அங்கே நிற்கிற நடிகர் நேராக முன்னால் மட்டும் பார்த்துப் பேசினால் இரண்டு ஓரங்களும் கைவிட்டுப் போய்விடும்.

டிக்கெட் வைக்கிற நாடகமாக இருந்தால் குழுவுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பி, வாசலில் டிக்கெட் கிழிக்க, நாற்காலி போட, பார்வையாளர்களை உட்கார வைக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் ஷோ என்றால் இரண்டு நாளும் போங்கள், முதல் நாள் முன்வரிசையில், மறுநாள் கடைசி வரிசையில். முதல் நாள் கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மறுநாள் பேசுகிற ஆளை விட்டுவிட்டு, பேசாமல் நிற்கிற நடிகையைப் பாருங்கள். அவள் கேட்கிறாளா, தன் முறைக்குக் காத்திருக்கிறாளா? கையை எங்கே வைத்திருக்கிறாள், எடையை எந்தக் காலில் போட்டிருக்கிறாள், வெளிச்சம் தன்மேல் இல்லாதபோதும் பாத்திரமாகவே இருக்கிறாளா? இவ்வளவையும் ஒரு நோட்டில் அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள், காலையில் பாதி மறந்துவிடும்.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். ஆனால் நடிகர்கள் ஒப்பனை அறையிலிருந்து வெளியே வரும்போது கூட்டமாக இருக்கும், அப்போது வாய்ப்பு கேட்காதீர்கள். பெயரைச் சொல்லி, நாடகத்தில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு இடத்தைக் குறிப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சூப்பர் என்று நூறு பேர் சொல்வார்கள், அந்தக் கதவுக்கிட்ட நின்ன இடம் என்று சொன்னவரை யாரும் மறப்பதில்லை.

வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊர்ப்பக்கம் போக வேண்டும். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், சேர்ந்து ஒத்திகை பார்ப்பதென்பதே கிடையாது, சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம், மீதியை மேடையிலேயே பிடித்துக்கொள்வார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளி வேஷம் கட்டுகிற பெண் நாரதரோடு தர்க்கம் பண்ணுகிற கட்டத்தை உட்கார்ந்து பாருங்கள். எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது, தரையில் பாதிப் பேர் தூக்கத்தில், பக்கத்தில் கடலை விற்கிறான், குழந்தை அழுகிறது, அவள் ஒரு பாட்டை எடுத்து அத்தனை பேரையும் எழுப்பி உட்கார வைக்கிறாள். இந்தப் பெண்கள் ஊர்ப்பேச்சையும் வாங்கிக்கொண்டு ராத்திரி ராத்திரியாக வண்டியேறிப் போய்த் தொழில் செய்கிறவர்கள். நமக்கு மூத்தவர்கள். பார்த்துவிட்டு வணங்கிவிட்டு வாருங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வடமாவட்டங்களில் தெருக்கூத்துக் காலம். செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்களில் கூத்தைப் பார்த்தால் மைக் பழக்கத்துக்கு முந்தைய குரல் என்றால் என்ன என்று காது புரிந்துகொள்ளும். ராத்திரி முழுக்க என்பதால் தனியாகப் போகாமல் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள்.

குழுவில் சேர்வது

பத்துப் பதினைந்து நாடகம் பார்த்தபிறகு யாரோடு வேலை செய்ய ஆசை என்று உங்களுக்கே தெரியும். கூத்துப்பட்டறை 1977இல் ந. முத்துசாமி தொடங்கியது, உடல் பயிற்சியும் கூத்தின் அடவுகளும் சேர்ந்த பயிற்சி முறை, கலைராணி, பசுபதி எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள்தான். பிரளயனின் சென்னைக் கலைக்குழு வீதி நாடகத்திலிருந்து வந்த மரபு. அ. மங்கையின் மரப்பாச்சி பெண்களின் கதைகளையும் பெண் உடலையும் மேடையின் நடுவில் வைத்து யோசித்த குழு. வி. பாலகிருஷ்ணனின் தியேட்டர் நிஷா, மேஜிக் லேண்டர்ன், பெர்ச் என்று இன்னும் பல உண்டு, ஒவ்வொன்றின் வேகமும் வேறு. எதுவும் எல்லா நேரமும் ஆள் எடுப்பதில்லை, எடுக்கும்போது அவரவர் சமூக ஊடகப் பக்கத்தில் அறிவிப்பு வரும். சில சமயம் பட்டறை என்றுதான் அறிவிப்பார்கள், அதில் பார்த்தவர்களிலிருந்தே நடிகர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆகவே பட்டறைகளை விடாதீர்கள்.

தேர்வுக்குப் போக இரண்டு நிமிஷத்துக்குள் முடிகிற தனிமொழி, அதாவது ஒருவரே பேசி நடிக்கிற பகுதி, இரண்டு தயாராக இருக்கட்டும், ஒன்று அழுகையும் கோபமும் இல்லாததாக. வருகிற பெண்களில் பலர் அழுதே காட்டுகிறார்கள், அடுத்தடுத்து பத்து அழுகையைப் பார்த்த இயக்குநருக்கு ஒரு பெண் அமைதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். சினிமா வசனம் வேண்டாம். இன்குலாப், அம்பை, இந்திரா பார்த்தசாரதி, முத்துசாமி எழுதிய நாடகங்கள் அச்சில் வந்திருக்கின்றன, நூலகத்தில் தேடிப் படித்து உங்கள் வாய்க்கு வருகிற பகுதியை எடுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டியிருந்தால் அதை அழித்துவிட்டுப் போக வேண்டாம். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் மேடைக்கு வேண்டிய சரக்கு.

பாத்திரம் கிடைக்கவில்லையா, மேடைக்குப் பின்னால் சேருங்கள். சாமான்கள் பார்த்துக்கொள்வது, உடைகள், லைட் போர்டு. லைட் இயக்கத் தெரிந்த பெண்கள் குறைவு, கற்றுக்கொண்டால் எல்லாக் குழுவும் கூப்பிடும், ஒத்திகை முழுவதையும் உட்கார்ந்து பார்க்கவும் வழி கிடைக்கும். திடீரென்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வசனம் முழுக்கத் தெரிந்த ஆள் நீங்கள்தான்.

சரி, ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை. எத்தனை வாரம் ஒத்திகை, எத்தனை ஷோ, போக்குவரத்துக்குத் தருவார்களா, ஷோவுக்கு என்ன தருவார்கள், எப்போது தருவார்கள், வெளியூர் போனால் எங்கே தங்குவது, பெண்கள் எத்தனை பேர். பணத்தைப் பற்றிப் பேசினால் கலையை மதிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறோம். நல்ல இயக்குநர் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கோபப்படுகிறவரிடமிருந்து விலகிவிடலாம். பாத்திரம் தருகிறேன் பணம் கட்டு என்றால் கட்டாதீர்கள். நாடகத்தில் நடி, சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிறவரின் பெயரைக் குழுவில் மூத்த பெண்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையில் தொட்டு நடிக்கிற காட்சிகள் இருக்கும். எங்கே தொடுவது, எவ்வளவு நேரம் என்பதை வசனம் மாதிரியே முன்கூட்டிப் பேசி முடிவுசெய்து, அதற்கு மேல் ஒரு அங்குலமும் போகக் கூடாது. எல்லை மீறினால் அன்றைக்கே, எல்லோர் முன்னாலும், நிறுத்துங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாமல் வேலை செய்கிற பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

பையும் தொண்டையும்

ஒப்பனை அறை என்பது பல இடங்களில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிற மூலைதான். அதனால் பையில் எப்போதும் பெரிய துப்பட்டா ஒன்று, ஊக்குகள், ஊசி கருப்பு நூல், உள்ளே போட்டுக்கொள்ளும் ஸ்லிப், நாப்கின், ஒப்பனை கலைக்கத் தேங்காயெண்ணெயும் பஞ்சும், வெந்நீர் ஃபிளாஸ்க். வீதி நாடகத்துக்குப் போகும்போது பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று ஏற்பாட்டாளரிடம் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் வழக்கம், சிறுநீர்த் தொற்று வரும், தொண்டையும் காய்ந்து குரல் உடையும். குரல் கட்டிக்கொண்டால் கிசுகிசுவென்று பேசிச் சமாளிக்காதீர்கள், அது தொண்டையை இன்னும் வதைக்கும். பேசாமல் இருங்கள், ஆவி பிடியுங்கள், தூங்குங்கள், இரண்டு வாரத்துக்குமேல் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஷோவுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு மேலே நிற்கும். நாலரை மணிக்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், மீதி ஷோ முடிந்து.

படிப்பும் உதவித்தொகையும்

இரண்டு மூன்று நாடகம் நடித்தபிறகு முறையாகப் படிக்கத் தோன்றும். டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது, மூன்றாண்டுப் படிப்பு, சேர்வதற்குப் பட்டப்படிப்பும் நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். அதன் பெங்களூர் மையத்தில் ஓராண்டுப் படிப்பு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, தமிழ்ச் சூழலை விட்டு விலகாமல் படிக்க நல்ல இடம். வேலையை விட முடியாதவர்கள், விடுப்பைச் சேர்த்து வைத்து ஆரோவில் அருகிலுள்ள ஆதிசக்தியில் தங்கிப் பயிலும் பட்டறைக்குப் போகலாம், வீணாபாணி சாவ்லா உருவாக்கிய மூச்சு, குரல், உடல் பயிற்சி முறை, கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்திலிருந்தும் அங்குள்ள தற்காப்புக் கலையான களரியிலிருந்தும் எடுத்தவை நிறைய.

மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது, நாடகமும் அதில் அடக்கம். 25 முதல் 40 வயதுக்கு ஜூனியர் ஃபெலோஷிப், மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டு. அறிவிப்பு வருவது தாமதமாகும், வந்ததும் நாள் குறைவாகத்தான் இருக்கும், அதற்குள் ஆவணங்களைத் தேடினால் கிடைக்காது. ஆகவே நடித்த ஒவ்வொரு நாடகத்துக்கும் நோட்டீஸ், பெயர் அச்சான நிகழ்ச்சிநிரல், நாலு நல்ல புகைப்படம், வீடியோ இணைப்பு, இந்தப் பாத்திரத்தில் நடித்தார் என்று தேதி போட்டு இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் இவ்வளவையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கடிதத்தைக் கடைசி ஷோ அன்றைக்கே வாங்கிவிடுங்கள், செட்டைப் பிரித்து வண்டி கிளம்பிவிட்டால் அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.